வாத்து ஈரலில் ஒரு கோடு

8 செப்டம்பர் 2025, திங்கள்

ஆட்டு ஆன்டிபாடி அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. தெர்மாகோல் பெட்டி என்னவோ சீர்வரிசை வைக்கிற அளவுக்குப் பெரிசு. உள்ளே ஐஸ், ஐஸுக்குள் கவர், கவருக்குள் டப்பா, டப்பாவுக்குள் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு குப்பி. குப்பிக்குள் இருப்பது ஒரு சொட்டு. என் கைடு அன்பரசன் சார் லேப் வாசலுக்கே வந்து இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினார். மாப்பிள்ளை அழைப்பில்கூட அவ்வளவு பணிவை நான் பார்த்ததில்லை.

பின்னாளில் நானே படித்து நானே குழம்பக் கூடாது என்பதால் எழுதி வைக்கிறேன். வாத்தின் ஈரலில் செலினியம் சேர்ந்த புரதம் ஒன்று இருக்கிறது. குறுவை அறுத்த வயலில் மேய்கிற நம் பக்கத்து வாத்துகளிடம் அது எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிஎச்.டி. அந்தப் புரதத்தை ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டுக் காட்டினால், அதை மட்டும் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடி ஆட்டின் ரத்தத்தில் உண்டாகும். குப்பியில் இருப்பது அதுதான். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஆட்டுச் சரக்கு எதைக் கண்டாலும் பிடிக்கிற மாதிரி கழுதையிடமிருந்து எடுத்த இன்னோர் ஆன்டிபாடியில் ஒளிர்கிற சமாச்சாரத்தை ஒட்டி அனுப்புவோம். ஆடு புரதத்தைப் பிடிக்கும், கழுதை ஆட்டைப் பிடிக்கும், கேமரா கழுதையைப் பிடிக்கும். ஒளிர்ந்த இடம் படத்தில் ஒரு கறுப்புக் கோடாக விழும். அந்தக் கோட்டுக்குத்தான் இத்தனை பாடு.

குடவாசலுக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன்.

“ஏண்டி, ஆட்டு ரத்தத்துக்கா அமெரிக்கா வரைக்கும் போனீங்க? நம்ம கொட்டாயில நாலு நிக்குதே.”

அந்த ஆட்டுக்கு வாத்தைக் காட்டியிருக்க வேண்டும் என்றேன். தினமும் வாத்தைப் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறது என்றாள். போனை வைத்துவிட்டேன்.

சார் சந்தோஷத்தோடு சந்தோஷமாக ஒரு குண்டையும் போட்டார். அக்டோபர் பதினைந்தாம் தேதி ரிவ்யூ கமிட்டி. அதற்குள் சுத்தமான ஒரு கோட்டைக் காட்டினால் வாத்து தொடரும். இல்லையென்றால் தலைப்பை மாற்றிவிட்டு அவருடைய ஆகாயத்தாமரை உரத் திட்டத்துக்குப் போக வேண்டுமாம். மூன்று வருஷமாக வாத்துக்குப் பின்னாலேயே சேற்றில் நடந்தவளைப் பார்த்து ஆகாயத்தாமரையாம்! வாய்க்காலில் மிதந்து வந்தால்கூட நான் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

11 செப்டம்பர், வியாழன்

முதல் பிளாட், அதாவது அந்தக் கோட்டுக்கான சோதனை. ஈரலை அரைத்து, ஜெல்லில் ஓட்டி, புரதங்களைத் தாளில் ஏற்றினேன். எல்லாம் அழகாக வந்தது. தாளில் காலி இடம் இருந்தால் ஆன்டிபாடி கண்ட இடத்திலும் போய் உட்காரும் என்பதால், முதலில் தாளைப் பால் பவுடர் கரைசலில் ஊற வைப்பது உலக வழக்கம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, காலி இடத்தையெல்லாம் பால் பிடித்து ‘பிளாக்’ பண்ணிவிடும். அப்புறம் ஆடு, அப்புறம் கழுதை, அப்புறம் படம்.

கறுப்பு. முழுத் தாளும் கறுப்பு. கோடு எங்கே என்றால் எல்லாமே கோடுதான்.

ஜூனியர் அனீஸா எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது அமாவாசையில எடுத்த படமா?” என்றாள். நாகூர்க்காரிக்கு வாய் எப்போதும் கடலளவு.

சார் படத்தைச் சாய்த்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். தீர்ப்பு: பால் பத்தவில்லை.

15 செப்டம்பர், திங்கள்

பாலை இரட்டிப்பாக்கினேன். இன்னும் கறுப்பு. பால் இன்னும் கெட்டியாக இருக்கட்டும் என்றார் சார்.

16 செப்டம்பர், செவ்வாய்

கறுப்பு.

18 செப்டம்பர், வியாழன்

வாத்து மேய்க்கிற ராஜ்குமார் அண்ணன் லேபுக்கே வந்துவிட்டார். அவர் கிடையிலிருந்துதான் எனக்கு ஈரல். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய வாத்துக்குச் ‘செலினியம் புடிச்சிருக்கு’ என்று எவனோ கிளப்பிவிட்டானாம். முட்டை வியாபாரி கிடைப் பக்கமே வருவதில்லையாம். ‘இந்த வாத்துகளுக்குச் செலினியம் இல்லை’ என்று சீல் வைத்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

அது நோய் இல்லை, நல்லது, எல்லார் உடம்பிலும் இருக்கும் என்று விளக்கினேன்.

“எனக்கும் இருக்கா தங்கச்சி?”

“இருக்குண்ணே.”

“எப்பலேர்ந்து?”

அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. என் தலையெழுத்தைப் பார்! இருக்கிறது என்று நிரூபிக்க நான் சாகிறேன், இல்லை என்று எழுதிக் கொடு என்று அவர் நிற்கிறார். இதுவரை என் ஆராய்ச்சி அவர் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

23 செப்டம்பர், செவ்வாய்

நேற்றிலிருந்து இன்று வரை தாளைப் பாலிலேயே ஊறப் போட்டேன். சார் சொன்ன கெட்டிக்குக் கலக்கினால் அது கரைசல் இல்லை, பால்கோவா. அனீஸா ஸ்பூனை நட்டு வைத்துக் காட்டினாள். நின்றது.

படம்: கறுப்பிலும் கறுப்பு. தார் ரோடு.

இப்போது சாருக்குத் தண்ணீர் மேல் சந்தேகம். அப்புறம் கேமரா மேல். சாயங்காலம் என் கை மேல். “சிலர் கைக்கு பிளாட் வராதும்மா” என்றார், சாந்தமாக. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சாந்தமாகச் சொன்னதுதான் சுருக்கென்றது. ஹாஸ்டலுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாளி நிரம்பிவிட்டது, நிறுத்திவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னால், ஆகாயத்தாமரைக்கு என்னடி குறைச்சல், பூ நல்லாத்தானே இருக்கு என்கிறாள். இவளைப் பெத்தவ எப்படித்தான் வளத்தாளோ!

குப்பியில் பாதிக்கு மேல் போய்விட்டது.

29 செப்டம்பர், திங்கள்

ராஜ்குமார் அண்ணன் மறுபடி வந்தார். இந்தத் தடவை முகம் பூரிப்பு. யாரோ ஒரு வாத்தியார் செலினியம் உடம்புக்கு வலு என்று சொல்லிவிட்டாராம். கதை தலைகீழ். இப்போது குடவாசல் சந்தையில் ‘செலினியம் முட்டை’ என்று கூவி விற்கிறார், கூட்டம் மொய்க்கிறதாம். ‘இல்லை’ என்ற கடிதம் வேண்டாம், ‘இருக்கு’ என்று எழுதிக் கொடு என்கிறார். அதற்குத்தான் அண்ணே நானும் படாத பாடு படுகிறேன் என்றேன். ஒரு அட்டை வாத்து முட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

என்னைத் தவிர எல்லாருக்கும் என் ஆராய்ச்சியில் லாபம்.

1 அக்டோபர், புதன். ஆயுத பூஜை

அப்பா வீட்டில் இன்றைக்கு அரிவாள், மண்வெட்டி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருப்பார். விவசாயச் சங்கத்துக்காரர், சாமி கும்பிடாதவர். கேட்டால், “இது சாமி இல்ல பாப்பா, உழைப்புக்கு மரியாதை” என்பார். சுண்டல் மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்குவார்.

எங்கள் லேபில் மரியாதை கொஞ்சம் ஓவர். மையநீக்கி இயந்திரத்துக்கு மாலை, ஃப்ரீசருக்குச் சந்தனம், கேமராவுக்கு லென்ஸ் தவிர மற்ற இடமெல்லாம் குங்குமம். ஜரிகைத் தாளைக் கத்தரித்துத் தோரணம் கட்டியவள் அனீஸா. துறையிலேயே அவள் அளவுக்கு யாருக்கும் கை வராது, வருஷா வருஷம் அவள்தான். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொரி, கடலை, அவல், சாரின் புத்தகம், போன வருஷம் வந்த கட்டுரை.

திடீரென்று சார், “அந்த ஆன்டிபாடிய எடுத்துட்டு வாம்மா” என்றார்.

சார் அது குளிரில் இருக்க வேண்டும், வெளியே வந்தால் செத்துப் போகும் என்றேன். ஐஸ் வாளியில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். மூடி மேல் சந்தனம் வைத்தார், சந்தனத்து மேல் குங்குமம். கற்பூரம் காட்டும்போது எல்லாரும் படத்தைக் கும்பிட்டார்கள். சார் குப்பியைக் கும்பிட்டார்.

சரி, ஆச்சு, உள்ளே வைக்கிறேன் என்றால் விடவில்லை. பூஜையில் வைத்த கருவியை அன்றைக்கே எடுக்கக் கூடாதாம். நாளைக்கு விஜயதசமியில் எடுக்கலாமாம். வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்த மனுஷர்! நானும் அனீஸாவும் முறை போட்டு ஐஸ் மாற்றினோம். பிரசவ வார்டில்கூட இவ்வளவு கவனிப்பு இருக்காது.

இதற்கு நடுவே சார் பக்கத்துத் துறைகளையெல்லாம் டீக்குக் கூப்பிட்டுவிட்டார். பால் தீர்ந்து போய், என் பிளாட்டுக்கு வைத்திருந்த பால் பவுடரைப் பிரித்துக் கலக்கிவிட்டார்கள். கடைசிப் பாக்கெட். வேதியியல்காரர்கள் டீ திக்காக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். நல்லா இருக்கட்டும்!

3 அக்டோபர், வெள்ளி

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

சார் திருச்சிக்கு மீட்டிங் போய்விட்டார். பூஜையிலிருந்து குப்பியை எடுத்தாயிற்று. ஜெல் ஓட்டி, புரதங்களைத் தாளில் ஏற்றி முடித்த பிறகுதான் உறைத்தது, பால் பவுடர் இல்லை. கேம்பஸ் கடை விடுமுறையில் பூட்டு. திருவாரூர் போய் வர வேண்டுமென்றால் பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. தாள் காய்ந்தால் எல்லாம் போச்சு.

மேஜையில் ராஜ்குமார் அண்ணனின் முட்டை அட்டை.

பழைய கட்டுரை ஒன்றில் பாலுக்குப் பதில் முட்டை வெள்ளைக்கரு என்று எங்கோ பார்த்த ஞாபகம். உடைத்தேன். மஞ்சளைப் பிரித்தேன். வெள்ளையை நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கித் துணியில் வடிகட்டினேன். அனீஸா வெங்காயம் நறுக்கவா என்று கேட்டாள். பேசாமல் துணியைப் பிடிடி என்றேன்.

ஊற வைத்து, ஆடு, கழுதை, படம்.

வெள்ளைத் தாள். நடுவில் ஒரு கோடு. ஒரே ஒரு கோடு. இருக்க வேண்டிய இடத்தில், பென்சிலில் கீறினது போல.

அனீஸா அலறினாள். நான் அலறினேன். வாட்ச்மேன் ஐயாவு ஓடி வந்து தீயணைப்புச் சிலிண்டரைத் தூக்கிவிட்டார். அவருக்கும் காட்டினேன். “இதுக்குத்தானா?” என்றார். ஆமாம், இதுக்குத்தான்!

மஞ்சள் கருவெல்லாம் ராத்திரி மெஸ்ஸில் பொரியல்.

4 அக்டோபர், சனி

சார் வந்தார், படத்தைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. “பாத்தியா? அன்னைக்கே சொன்னேன்ல? அம்பாள் பேர்ல வெச்சதும் எப்படி வந்துச்சு பாத்தியா?”

சார், முட்டை சார் என்றேன். காதிலேயே விழவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று வாரம் நான் செத்தேன், பேர் பொட்டுக்கா?

7 அக்டோபர், செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன்!

ஆடே இல்லாமல் ஓட்டினேன். ஒரு துண்டுத் தாளைப் பாலில் ஊற வைத்து, நேராகக் கழுதை. இன்னொரு துண்டை முட்டையில் ஊற வைத்து, நேராகக் கழுதை. ஆடு இல்லையென்றால் கழுதைக்குப் பிடிக்க எதுவுமே இருக்கக் கூடாது, இரண்டுமே வெளுப்பாக வர வேண்டும். முட்டைத் துண்டு வெளுப்பு. பால் துண்டு கன்னங்கரேல்.

அப்படியென்றால் கழுதை பிடித்தது ஆட்டை இல்லை, பாலை. பால் யாருடையது? மாட்டுடையது. பாலுக்குள் மாட்டின் ஆன்டிபாடியும் கொஞ்சம் இருக்கும், கன்றுக்குட்டிக்காக. ஆடும் மாடும் கொம்பு வைத்த சொந்தக்காரர்கள். கழுதைக்கு இரண்டும் ஒன்றுதான்! நாங்கள் பாலை ஊற்ற ஊற்ற, தாள் முழுக்க மாட்டைப் பரப்பி வைத்திருக்கிறோம், கழுதை ஓடி ஓடி எல்லாவற்றையும் ஆடு என்று பிடித்திருக்கிறது. கோடு வரவில்லை, கோடு வரவில்லை என்று இன்னும் பால், இன்னும் பால். நெருப்பை அணைக்க நெய்யை ஊற்றினவர்கள் நாங்கள்தான்.

என் கை நல்ல கைதான். இன்றைக்கு நூறு தடவை இதைச் சொல்லிக்கொண்டேன். என் கை நல்ல கை.

10 அக்டோபர், வெள்ளி

சாரிடம் இரண்டு துண்டையும் வைத்து விளக்கினேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டார். புரிந்துவிட்டது, அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. காது சிவந்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரிவ்யூவில் ‘வாத்து முட்டை’ என்று சொல்லாதே, ‘பாலில்லாத கரைசல்’ என்று நாசூக்காகச் சொல்லிவிடு என்றார். சென்னையிலிருந்து வருகிற நிபுணர் மேடம் ரொம்பக் கறாராம். போன வருஷம் ஒருவர் எழுந்து வெளியே போகிற அளவுக்குக் கேள்வி கேட்டாராம். முட்டை என்றால் சிரித்துவிட்டுத் தலைப்பை மூடிவிடுவார் என்று பயப்படுகிறார். எனக்கும் பயம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இதற்கிடையில் பொட்டு விஷயம் பரவிவிட்டது. வேதியியல் துறையிலிருந்து வேலை செய்யாத பிஎச் மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, சார் கையால் ஒரு பொட்டு வேண்டும் என்று நிற்கிறார்கள். சார் மறுக்கவில்லை. மீட்டர் இன்னும் வேலை செய்யவில்லை.

15 அக்டோபர், புதன்

காலையில் தோசை இறங்கவில்லை. அப்பா போன் பண்ணினார். தீர்மானம் தோற்றாலும் பேச்சு பதிவாகணும் பாப்பா, நிமிந்து பேசு என்றார். சங்கத்தில் இருபது தீர்மானம் தோற்ற அனுபவம்.

கமிட்டியில் நால்வர். மேடம் நடுவில். ஒல்லியாக, சிரிக்காமல், பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். பொட்டு வைத்த குப்பியின் போட்டோவைக் காட்டினேன், அடுத்து கோட்டைக் காட்டினேன். பேனா நின்றது.

“ரொம்ப க்ளீனா இருக்கு. எதுல பிளாக் பண்ணினீங்க?”

சார் மின்விசிறியைப் பார்த்தார். ‘பாலில்லாத கரைசல்’ நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அதற்கு ஒரு மழுப்பல், அதற்கு அடுத்த கேள்வி. போதும்டா சாமி.

“வாத்து முட்டை வெள்ளைக்கரு, மேடம்.”

யாரோ இருமினார்கள். நான் நிறுத்தவில்லை. பால், மாடு, ஆடு, கழுதை எல்லாம் சொன்னேன். ஒப்பித்துக்கொண்டே போகிறேன், எனக்கே அது பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகம் மாதிரி இருக்கிறது. ஒருவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. அந்தக் கறுப்புத் துண்டை மறுபடி காட்டச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதே கறுப்பு,” என்றார். “என் ஸ்டூடண்ட் ஒரு பொண்ணு. ஒரு வருஷமா இதே கறுப்பத்தான் கொண்டுவந்து காட்டிட்டிருந்தா. அவளும் ஆட்டு ஆன்டிபாடிதான். கை சுத்தமில்லன்னு எல்லார் முன்னாடியும் திட்டிருக்கேன். போன மாசம் தலைப்பையே பிடுங்கிட்டேன்.”

பிறகு அவரே கையெழுத்துப் போட்டு, “வாத்து தொடரட்டும்” என்று சாரிடம் தாளைத் தள்ளினார்.

நான் ஸ்லைடை மூடிவிட்டு வெளியே வந்தபோது மேடம் வராந்தாக் கோடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். “தமிழ்நிலா, நான் மேடம் பேசறேம்மா. ஆட்டு ஆன்டிபாடி ஏதாவது மிச்சம் இருக்கா? தூக்கிப் போட்டுடலையே?” குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

தலைப்பு தப்பித்தது. ஆகாயத்தாமரை போய்த் தொலைந்தது. நான் குதித்திருக்க வேண்டும். அனீஸா குதித்தாள், இறாலை வைத்துப் பொரித்த நாகூர் வாடா ஒரு பை வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தாள். நான் அந்தப் பெண்ணின் ஒரு வருஷத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு மூன்று வாரத்துக்கே குழாயைத் திறந்துவிட வேண்டியிருந்ததே.

27 அக்டோபர், திங்கள்

காலையிலிருந்து அடைமழை. நட்ட சம்பா மூழ்கிவிடும் போல என்று அப்பா புலம்பல்.

மத்தியானம் ஒரு புது நம்பர். தமிழ்நிலா. பேச ஆரம்பித்ததும் மூக்கை உறிஞ்சினாள். குப்பியில் ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சம் இருக்கிறதாம். அது வந்தால்தான் மேடம் தலைப்பைத் திருப்பித் தருவது பற்றி யோசிப்பாராம். கோழி முட்டையே போதும்மா என்றேன். மாட்டேன் என்கிறாள். நான் செய்தபடி அச்சுப் பிசகாமல் செய்ய வேண்டுமாம், அதே வாத்து, அதே கிடை. எவ்வளவு தண்ணீர், எந்தத் துணி, எல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில் கொஞ்சம் தயங்கினாள்.

“அக்கா, உங்க ஸ்லைடுல குப்பி மேல ஒரு பொட்டு இருந்துச்சாம். மேடம் சொன்னாங்க. அது எந்தப் பக்கம் வைக்கணும்?”

அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நெஞ்சு வரைக்கும் வந்தது. பகுத்தறிவுக் குடும்பம், கோவிந்தராசு பெத்த பொண்ணு. ஆனால் கடைசிச் சொட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாளே.

“மூடி மேல வைம்மா. லேபிள் மேல வெச்சுடாத, எழுத்து அழிஞ்சிடும்.”

அனீஸாவின் அண்ணன் அன்சார் இன்றைக்கு ரயிலில் சென்னை போகிறார். ஒரு அட்டை முட்டையை அவர் மடியில் ஏற்றிவிட்டோம். தூங்கவே கூடாது என்று அனீஸா மிரட்டி அனுப்பியிருக்கிறாள்.

29 அக்டோபர், புதன்

ஒரு முட்டைகூட உடையவில்லையாம். அன்சாருக்குத்தான் கழுத்துப் பிடித்துக்கொண்டதாம்.

4 நவம்பர், செவ்வாய்

சாப்பிட்டுவிட்டு லேபுக்குள் வந்தேன். போனில் ஒரு படம், எழுத்து எதுவும் இல்லை. வெள்ளைத் தாள், நடுவில் ஒரு கோடு. என்னுடையதைவிட மெல்லிசு, ஆனால் கோடு. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வரி வந்தது: ‘மேடம் எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டாங்கக்கா. தலைப்பு எனக்கே.’

என் கோடு வந்த அன்றைக்கு அலறத்தான் செய்தேன். இன்றைக்கு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது சார் உள்ளே வந்துவிட்டார். என்னம்மா ஆச்சு என்றார். வெங்காயம் சார் என்றேன். லேபில் ஏது வெங்காயம்? அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆமாம்மா, ரொம்ப காரமா இருக்கு என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.